வைகறை வாசலில் ஒரு குழல்காரன்

ராக் இசையின் கதை – 19

சென்ற இதழில் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தோம். ஃபில்மோர் அரங்கில் கிரேட்ஃபுல் டெட், ஜெஃபர்சன் ஏர்பிளேன் போன்ற குழுக்கள் ப்ளூஸையும் நாட்டுப்புறப் பாட்டையும் நீட்டி விரித்து வாசித்ததைப் பார்த்தோம். சைகெடெலிக் ராக் அமெரிக்க மண்ணில் வேர்பிடித்த கதை அது. அதே மாதங்களில் அட்லாண்டிக்கின் மறுகரையில், லண்டனில், அதே பெயரைச் சுமந்துகொண்டு முற்றிலும் வேறான ஓர் இசை பிறந்தது. ப்ளூஸ் அதில் அடையாளம் தெரியாத அளவுக்குக் கரைந்துபோயிருந்தது. பூனைகளும் குள்ளர்களும் சோளக்கொல்லைப் பொம்மைகளும் வியாழன், சனிக் கோள்களும் அதில் ஒன்றாக வாழ்ந்தன.

அந்த இசையின் முழு வடிவம் 1967 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் கடைக்கு வந்தது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் முதல் ஆல்பமான ‘தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்’. 11 பாட்டுகள், ஏறத்தாழ 42 நிமிடம். பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் 6ஆம் இடம்வரை ஏறியது. பாட்டுகளில் எட்டை எழுதியவர் 21 வயது சிட் பாரெட்.

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பாரெட்டின் மனம் சிதைந்துபோன கதையில்தான் தொடங்குவார்கள். எல்.எஸ்.டி., மேடையில் அசையாமல் நின்றது, குழுவிலிருந்து விலக்கப்பட்டது, ஊருக்குத் திரும்பி ஒதுங்கி வாழ்ந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அந்தச் சிதைவின் விளைச்சல்தான் இந்த ஆல்பம் என்பதுபோல முடித்துவிடுவார்கள். அது பெரிய அநியாயம் என்பது என் கட்சி. நன்றாக யோசித்து, நாள்தோறும் உழைத்து, ஸ்டூடியோ ஆட்களோடு மல்லுக்கட்டி உருவாக்கிய இசை இது. அது எப்படி உருவானது என்று தெரிந்தால்தான், அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஏன் அதன் பேச்சு ஓயவில்லை என்பதும் புரியும்.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்தவர்

ரோஜர் கீத் பாரெட் 1946 ஜனவரி 6 அன்று கேம்பிரிட்ஜில் பிறந்தார். ‘சிட்’ பின்னால் ஒட்டிக்கொண்ட பெயர். அப்பா ஆர்தர் மேக்ஸ் பாரெட் மருத்துவத் துறையில் பெயர்பெற்ற நோய்க்கூறியல் வல்லுநர். மகனுக்கு 16 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1961 டிசம்பரில், அவர் இறந்துபோனார். அதே ஊரில் வளர்ந்த ரோஜர் வாட்டர்ஸும் அப்பா இல்லாத பிள்ளைதான். அவருடைய அப்பா 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் உயிரிழந்தவர்.

வாட்டர்ஸ் கட்டடக்கலை படிக்க லண்டனுக்குப் போனார். ரீஜண்ட் தெரு பாலிடெக்னிக்கில் டிரம்ஸ் வாசித்த நிக் மேசனும் கீபோர்ட் வாசித்த ரிச்சர்ட் ரைட்டும் அவருக்கு வகுப்புத் தோழர்கள் ஆனார்கள். பாரெட் 1964இல் கேம்பர்வெல் கலைப் பள்ளியில் ஓவியம் படிக்க வந்து அவர்களோடு சேர்ந்தார். குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை ஒன்றாக்கினார்.

பாரெட் முதலில் ஓவியர் என்பதை இந்தக் கதை முழுக்க நினைவில் வைத்திருக்க வேண்டும். கிட்டாரில் அவர் வித்தகர் இல்லை. அதே லண்டனில் எரிக் கிளாப்டன் இருந்தார். 1966 செப்டம்பரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் வந்து இறங்கினார். விரல் வேகத்தில் அவர்களோடு போட்டி போட பாரெட்டால் முடியாது. ஆனால் ஓசையை வண்ணமாகப் பார்க்கத் தெரிந்தவர் அவர். கிட்டாரிலிருந்து என்ன சுரம் வருகிறது என்பதைவிட அது என்ன நிறத்தில் வருகிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை.

அந்த நாட்களில் லண்டனில் ஏ.எம்.எம். என்றொரு குழு இருந்தது. தாளமும் மெட்டும் இல்லாமல், திட்டமிடாமல் ஒலிகளை எழுப்பிக்கொண்டே போவார்கள். அதில் இருந்த கீத் ரோ கிட்டாரை மேசைமேல் படுக்கவைத்து, கைக்குக் கிடைத்த பொருளையெல்லாம் கம்பிகளில் தேய்த்து வாசிப்பார். அதைப் பார்த்த பாரெட் தன் ஃபெண்டர் எஸ்குவயர் கிட்டாரின் கம்பிகளில் உலோக சிகரெட் லைட்டரை வழுக்கவிட்டுப் பழகினார். கிட்டாரின் உடல்மேல் வட்ட வட்டமாகக் கண்ணாடிகள் ஒட்டியிருப்பார். மேடை விளக்கு பட்டதும் அவை கூட்டத்தின்மீது ஒளியைத் தெறிக்கவிடும்.

இன்னொரு முக்கியக் கருவி, இத்தாலியின் மிலான் நகரில் செய்யப்பட்ட பின்சன் எக்கோரெக். அன்றைய எதிரொலிக் கருவிகள் பலவற்றில் டேப் சுற்றும். டேப் நாளாக நாளாக நைந்துபோகும். எக்கோரெக்கில் காந்தத்தன்மை கொண்ட ஓர் உலோக உருளை சுழலும். பதிவுசெய்யும் தலை ஒன்று, அதைச் சுற்றித் திரும்ப ஒலிக்கவைக்கும் தலைகள் நான்கு. ஒரு சுரத்தை மீட்டினால் நான்கு இடைவெளிகளில் நான்கு நிழல்கள் கேட்கும். எந்தத் தலைகளை இயக்குவது, ஒலியை எவ்வளவு திருப்பி உள்ளே ஊட்டுவது என்பதை வாசிப்பவரே தீர்மானிக்கலாம். பாரெட்டும் ரைட்டும் இதைத் தனியொரு வாத்தியமாகவே கையாண்டார்கள். பிங்க் ஃபிளாய்டின் இசை பரந்த வெட்டவெளியில் கேட்பதுபோல இருப்பதற்கு இந்த உருளைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒளி வழியும் நிலவறை

லண்டன் டாட்டன்ஹம் கோர்ட் ரோட்டில், ஒரு நிலவறையில் ஐரிஷ் நடனக்கூடம் ஒன்று இயங்கிவந்தது. 1966 டிசம்பர் 23 இரவு அங்கே யூஃபோ கிளப் தொடங்கியது. ஜான் ஹாப்கின்ஸ், ஜோ பாய்ட் இருவரும் நடத்தினார்கள். வெள்ளி இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். பிங்க் ஃபிளாய்ட் அங்கே ஆஸ்தானக் குழுபோல ஆனது.

அந்தக் கிளப்பின் ஒளிவிளையாட்டு எளிய கைவேலைதான். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வண்ண மைகளையும் எண்ணெயையும் விட்டு ஸ்லைடு புரொஜெக்டரில் செருகுவார்கள். விளக்கின் சூட்டில் உள்ளிருக்கும் திரவம் கொதித்துக் குமிழ்விடும், பிளக்கும், ஒன்றையொன்று விழுங்கும். அது வாசிப்பவர்கள்மேலும் பின்சுவர்மேலும் பிரம்மாண்டமாக விழும். அவர்களுடைய முகம் யாருக்கும் சரியாகத் தெரியாது. பாடகரின் அழகும் அங்க அசைவும்தான் பாப் இசையை விற்கும் என்று இருந்த காலம் அது. இங்கே கலைஞர்கள் ஒளிக்குள் மறைந்து நின்றார்கள். இந்த வழக்கம் பிங்க் ஃபிளாய்டின் மேடைகளில் கடைசிவரை தொடர்ந்தது. நால்வரின் முகத்தைவிட அவர்களின் விளக்குகளும் திரைகளும்தான் உலகப் புகழ் பெற்றன.

கிளப்பில் அவர்கள் நீளமாக வாசித்த உருப்படி ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’. அதன் பிறப்பே சுவையானது. குழுவின் மேலாளர்களில் ஒருவரான பீட்டர் ஜென்னர் லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர். அமெரிக்கக் குழுவான லவ் பாடிய ஒரு பாட்டின் மெட்டை பாரெட்டிடம் வாயால் முனகிக் காட்டினார். சுருதி சுத்தமாகப் பாட அவருக்கு வராது. அவர் முனகியதை பாரெட் கிட்டாரில் பிடித்தபோது அது மூலத்திலிருந்து விலகி, படிப்படியாகக் கீழே இறங்கும் வேறொரு மெட்டாகிவிட்டது. அதைத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்துக்கொண்டு நடுவில் இஷ்டம்போல் பயணம் போனார்கள்.

1967 பிப்ரவரி முதல் நாள் குழுவினர் முழுநேர இசைக்கலைஞர்கள் ஆனார்கள். இ.எம்.ஐ. நிறுவனம் 5,000 பவுண்டு முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. ஜோ பாய்டின் தயாரிப்பில் செய்துவைத்திருந்த ‘ஆர்னல்ட் லேன்’ என்ற பாட்டு மார்ச்சில் வெளியாகி 20ஆம் இடம்வரை போனது. கொடியில் காயும் பெண்களின் உடைகளைத் திருடுகிறவனைப் பற்றிய அந்தப் பாட்டை ஒலிபரப்ப ரேடியோ லண்டன் மறுத்தது. ஆல்பத்துக்கு இ.எம்.ஐ. தன் சொந்த ஆளையே தயாரிப்பாளராக நியமித்தது.

அபே ரோட்டில் நான்கு மாதம்

அவர் நார்மன் ஸ்மித். 1962இல் தொடங்கி ‘ரப்பர் சோல்’வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். ஜாஸ் வாசித்துப் பழகிய, நாற்பதைத் தாண்டிய, ஒழுங்குக்குப் பெயர்போன மனிதர். ஜான் லென்னன் அவரை ‘நார்மல்’ என்றே கூப்பிடுவார். அவருக்கும் பாரெட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரே பாட்டை பாரெட் இரண்டு தடவை ஒரே மாதிரி பாடமாட்டார். இன்ன இடத்தில் இப்படி மாற்றலாம் என்று ஸ்மித் சொன்னால் தலையாட்டிவிட்டு, தனக்குத் தோன்றியபடிதான் பாடுவார். இந்த இழுபறி ஸ்மித்துக்குக் கசப்பாகவே நினைவில் நின்றது. ஆனாலும் ஆல்பத்துக்கு இது நன்மைதான் செய்தது. யூஃபோவில் கால் மணி, அரை மணி ஓடியவற்றை இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகளாகச் செதுக்க வைத்தவர் ஸ்மித். அந்த இறுக்கம் இல்லையென்றால் இது கேட்டுவிட்டு மறந்துபோகும் ஒரு கிளப் பதிவாக முடிந்திருக்கும்.

அபே ரோடு ஸ்டூடியோவில் பிப்ரவரி 21 அன்று வேலை தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது ‘மடில்டா மதர்’. அம்மா கதை படித்துச் சொல்ல, நடுவில் அவள் நிறுத்திவிட, குழந்தை ஏங்கும் பாட்டு. பாரெட் முதலில் அதில் பாடியது ஹிலேர் பெலாக் என்ற எழுத்தாளரின் குழந்தைப் பாடல் வரிகளை. பெலாக்கின் உரிமைதாரர்கள் அனுமதி தரவில்லை. பாரெட் உட்கார்ந்து வரிகளைப் புதிதாக எழுதினார். இரவல் வரிகளைவிட அவருடைய வரிகளே அந்தப் பாட்டுக்குப் பொருந்தி அமர்ந்தன. சித்தம் கலங்கிய ஒருவர் கண்டபடி கிறுக்கிய பாட்டுகள் இவை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு பாட்டே போதுமான பதில்.

ஆல்பத்தின் தலைப்பும் குழந்தை இலக்கியத்திலிருந்து வந்ததுதான். கென்னத் கிரஹாம் 1908இல் எழுதிய ‘தி விண்ட் இன் தி வில்லோஸ்’ நூலின் ஏழாம் அத்தியாயத்தின் பெயர் அது. காணாமல்போன நீர்நாய்க் குட்டியைத் தேடி எலியும் அகழெலியும் இரவில் ஆற்றில் படகு விட்டுக்கொண்டு போகின்றன. விடியும் நேரத்தில் குழலோசை கேட்டு, வனதேவன் பான் காலடியில் குட்டி பத்திரமாக உறங்குவதைக் காண்கின்றன. தேவன் மறைந்ததும் பார்த்தது அவற்றுக்கு மறந்துவிடுகிறது. பாரெட்டுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அடுத்த ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் ஒரு நாள் பிங்க் ஃபிளாய்ட் நால்வரையும் அங்கே அழைத்துப்போய்க் காட்டினார்கள். ‘லவ்லி ரீட்டா’ வேலை நடந்துகொண்டிருந்தது. புதுப்பையன்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரே கட்டடம், ஒரே நான்கு டிராக் டேப் இயந்திரங்கள், ஒரே எதிரொலி அறைகள். ஒரு பாடகரின் குரலை மறுபடி பாடவைக்காமலே இரட்டிப்பாக்கும் ஏ.டி.டி. முறையை அங்கிருந்த பொறியாளர் கென் டவுன்சென்ட் 1966இல்தான் பீட்டில்ஸுக்காகக் கண்டுபிடித்திருந்தார். அதை பாரெட்டின் குரலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். இந்த ஆல்பத்தில் அவருடைய குரல் அருகிலும் தொலைவிலும் ஒரே சமயத்தில் கேட்பது அதனால்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவர்கள் இரவு நிகழ்ச்சிகளை விடவில்லை. வேனில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசித்துவிட்டு வந்து பதிவில் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 29 இரவு அலெக்சாண்ட்ரா மாளிகையில் நடந்த ‘14 மணி நேர டெக்னிகலர் கனவு’ நிகழ்ச்சியில் விடியற்காலையில் மேடையேறினார்கள். மே 12 அன்று குயின் எலிசபெத் அரங்கில், கூட்டத்தைச் சுற்றி ஒலிபெருக்கிகளை வைத்து, ஒரு கைப்பிடியை அசைத்து ஒலியை அரங்கைச் சுற்றி ஓடவிட்டார்கள். இந்த ஓட்டத்தின் இடையில்தான் ஆல்பம் உருவானது.

காது கொடுத்துக் கேட்டால்

முதல் பாட்டு ‘அஸ்ட்ரானமி டொமினே’. தூரத்துத் தந்தி ஓசைபோல மினுக்மினுக் என்ற ஒலியும், மெகாஃபோனில் கோள்களின் பெயர்களை வாசிக்கும் பீட்டர் ஜென்னரின் குரலும் நம்மை வரவேற்கின்றன. பாரெட்டின் கிட்டார் நுழைகிறது. ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு அரைச் சுரம் அரைச் சுரமாகச் சறுக்கி இறங்கும் அந்த நடையில், நமக்குப் பழகிய ப்ளூஸ் வரிசை எதுவும் கிடையாது. காலுக்குக் கீழே தரை நழுவுவதுபோல இருக்கும். பாட்டு வரிகளில் வியாழன், சனி மட்டுமின்றி யுரேனஸின் நிலாக்களான ஓபெரான், மிராண்டா, டைட்டானியாவும் வருகின்றன. ஷேக்ஸ்பியர் நாடகங்களிலிருந்து வானவியலுக்குப் போன பெயர்கள் அவை. பாப் பாட்டில் விண்வெளிக்கு இடம் பிடித்துக் கொடுத்த பாட்டுகளில் முன்வரிசையில் வைக்க வேண்டியது இது.

இரண்டாம் பக்கத்தின் தொடக்கம் ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’, 9 நிமிடம் 41 விநாடி. மெட்டு இரண்டு சுற்று வந்ததும் தாளம் தளர்கிறது. பிறகு தாளமே இல்லை. ஆர்கன் ஒரு பக்கம் தேம்புகிறது, கிட்டார் கம்பி கீறல் விடுகிறது, டிரம்ஸ் அவ்வப்போது ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. முழு வாசிப்பின்மேல் இன்னொரு முழு வாசிப்பை ஏற்றிப் பதிந்திருப்பதால் எந்த ஓசை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் மெட்டு திரும்பும்போது ஸ்டீரியோ பதிப்பில் அது ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தாவித் தாவிப் போகும். வெளியீட்டு நிறுவனத்தின் ஆல்பத்தில் ஏறத்தாழ பத்து நிமிடத்தை இப்படிச் செலவழிக்க அந்த வயதில் எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் நினைத்துக்கொள்வேன்.

அது முடிந்த கையோடு ‘தி நோம்’. கருஞ்சிவப்புச் சட்டை போட்ட குள்ளனைப் பற்றிய இரண்டே நிமிடப் பாட்டு. குழந்தைக்குப் பாடுவதுபோலவே பாடியிருக்கிறார். இந்த அடுத்தடுத்த இருப்பில்தான் ஆல்பத்தின் உயிர் இருக்கிறது. எல்லையற்ற வெளியும் தொட்டில் பக்கத்து விளக்கும் ஒரே குழந்தையின் உலகத்தில் அடுத்தடுத்து இருப்பவை. இருட்டில் படுத்துக்கொண்டு வானத்தைப் பற்றிப் பயப்படுகிற குழந்தையே குள்ளன் கதையும் கேட்கிறது. இதைப் பெரியவர்களின் ராக் இசைக்குள் கொண்டுவந்தவர் பாரெட். தன் சயாமியப் பூனையை ‘லூசிஃபர் சாம்’ என்று துப்பறியும் பட மெட்டில் பாடினார். சீனத்து ஐ சிங் நூலின் 24ஆம் பகுதியை எடுத்து ‘சாப்டர் 24’ என்று பாடினார். எல்லாவற்றுக்கும் ஒரே குழந்தைத் தீவிரம்.

முடிவுப் பாட்டு ‘பைக்’, மே மாதத்தில் பதிந்தது. ஒருவன் தன் காதலிக்குத் தன்னிடமுள்ள சைக்கிளையும் மேலங்கியையும் வீடில்லாத ஓர் எலியையும் காட்டி, வேண்டியதெல்லாம் தருகிறேன் என்கிறான். தாளம் ஒரு வரியில் நீள்கிறது, அடுத்த வரியில் குறைகிறது. வார்த்தை முடியும் இடத்தில்தான் மெட்டு முடியும். கடைசியில் அவளை இசை நிறைந்த ஓர் அறைக்குள் அழைக்கிறான். காலடி ஓசை கேட்கிறது. கடிகாரங்கள், மணிகள், பல்சக்கரங்கள் எல்லாம் ஒன்றாக இயங்குகின்றன. பிறகு வாத்துக் கத்துவதுபோல, யாரோ சிரிப்பதுபோல ஒரு டேப் சுழன்று சுழன்று ஓய்கிறது. ஆறு வருஷம் கழித்து, இதே அபே ரோட்டில், ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் கடிகாரங்கள் ஒன்றாக அலறும். காலடிகள் ஓடும், யாரோ சிரிப்பார்கள். கோடிக்கணக்கில் விற்ற அந்த ஆல்பத்தின் ஒலி உலகத்துக்கு முதல் கதவு ‘பைக்’ பாட்டின் அந்த அறைதான் என்பேன்.

உறையையும் சொல்லிவிட வேண்டும். படமெடுத்தவர் விக் சிங். பல முகங்களாகப் பிரித்துக் காட்டும் ஒரு பட்டகக் கண்ணாடி லென்ஸை ஜார்ஜ் ஹாரிசன் அவருக்குக் கொடுத்திருந்தார். அதை வைத்து எடுத்ததால் நால்வரும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பெருகித் தெரிகிறார்கள். பின்னட்டையின் நிழலுருவச் சித்திரம் பாரெட் வரைந்தது. அமெரிக்காவில் டவர் நிறுவனம் வெளியிட்டபோது ‘அஸ்ட்ரானமி டொமினே’, ‘ஃபிளேமிங்’, ‘பைக்’ மூன்றையும் எடுத்துவிட்டு ‘சீ எமிலி ப்ளே’ பாட்டைச் சேர்த்துவிட்டார்கள். தொடக்கமும் முடிவும் வெட்டப்பட்ட ஆல்பத்தைத்தான் அமெரிக்கர்கள் பல வருஷம் கேட்டுவந்தார்கள்.

பிறகு நடந்தது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆல்பம் வெளியான அதே மாதத்தில் பாரெட்டின் உடல்நிலையைக் காரணம் காட்டி நிகழ்ச்சிகள் ரத்தாயின. நவம்பரில் நடந்த அமெரிக்கப் பயணம் பாதியில் முடிந்தது. 1968 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோர் ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தார். அந்த மாதக் கடைசியில் சவுத்தாம்ப்டன் நிகழ்ச்சிக்குப் போகும் வழியில், பாரெட்டை அழைத்துப்போக வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். ஏப்ரல் 6 அன்று பிரிவு முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1970இல் இரண்டு தனி ஆல்பங்கள் வெளியிட்டபின் அவர் இசையிலிருந்து விலகினார். கேம்பிரிட்ஜில் ஓவியம் தீட்டிக்கொண்டும் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டும் வாழ்ந்து 2006 ஜூலை 7 அன்று இறந்தார். அவர் நோயோடு பட்ட பாடு உண்மை. அதை அழகாக்கிப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இரண்டு வாரிசு வரிசைகள்

இந்த ஆல்பம் விட்டுச்சென்ற சொத்து இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரு கிளை ‘இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்’ வழி வந்தது. தாளத்தையும் பாட்டுவரியையும் விட்டுவிட்டு ஓசையின் வெளியில் உலவும் இசை. மீதமிருந்த பிங்க் ஃபிளாய்டே அந்த வழியில் நடந்து உலகப் பெருங்குழுவானது. 1969இல் தொடங்கிய ஹாக்விண்ட் குழு அதை விண்வெளி ராக் என்ற தனி வகையாகவே வளர்த்தது. ஜெர்மனியில் டாஞ்சரின் ட்ரீம் போன்றவர்கள் அதிலிருந்து மின்னணு இசைக்குப் போனார்கள். கனடாவின் மெட்டல் குழுவான வாய்வாட் 1989இல் ‘அஸ்ட்ரானமி டொமினே’ பாட்டைத் தன் ஆல்பத்தில் வாசித்தது. அந்தச் சறுக்கும் சுரவரிசை மெட்டல் கிட்டாருக்குத் தைத்து வைத்த சட்டைபோலப் பொருந்தியது.

இன்னொரு கிளை ‘பைக்’ வழி வந்தது. இங்கே முக்கியமானது குரல். 60களின் நடுவே பிரிட்டிஷ் பாடகர்களில் பலர் மைக் முன்னால் நின்றதும் அமெரிக்க உச்சரிப்புக்கு மாறிவிடுவார்கள். ப்ளூஸைப் பாட வேண்டுமென்றால் மிசிசிப்பிக்காரர் மாதிரி ஒலிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. பாரெட் தன் ஊர் உச்சரிப்பிலேயே, தன் ஊர் நர்சரிப் பாட்டின் தொனியிலேயே பாடினார். டேவிட் போவி இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ராக் பாட்டைப் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பாடித் தான் கேட்ட முன்னோடிகளில் ஒருவர் பாரெட் என்பார். 1973இல் ‘பின் அப்ஸ்’ ஆல்பத்தில் ‘சீ எமிலி ப்ளே’ பாடி அந்தக் கடனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 2006 மே மாதம் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் கில்மோரின் மேடையேறி ‘ஆர்னல்ட் லேன்’ பாடினார். பாரெட் உயிரோடிருந்த கடைசிக் கோடைக்காலம் அது.

பங்க் தலைமுறை பிங்க் ஃபிளாய்டின் பிற்கால ஆடம்பரத்தை வெறுத்தது. பாரெட்டை வெறுக்கவில்லை. 1977இல் தி டேம்ட் குழு தங்கள் இரண்டாவது ஆல்பத்துக்கு பாரெட்டைத் தயாரிப்பாளராகக் கேட்டது. அவர் கிடைக்காமல் நிக் மேசன் அந்த வேலையைச் செய்தார். 1984இல் ஜீசஸ் அண்ட் மேரி செயின் தங்கள் முதல் சிங்கிளின் பின்பக்கத்தில் பாரெட்டின் வெளியாகாத பாட்டு ஒன்றை வாசித்தார்கள். ராபின் ஹிட்ச்காக் தன் பாட்டுவாழ்க்கை முழுவதும் பாரெட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். 2007இல் லண்டன் பார்பிகன் அரங்கில் பாரெட் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் ப்ளர் குழுவின் டேமன் ஆல்பர்னும் பாடினார். விரல் வித்தை தெரியாதவர்களும், குரல்வளம் குறைந்தவர்களும், தங்கள் தெருவையும் பூனையையும் பாடலாம் என்ற தைரியத்தை இவர்கள் எல்லாரும் பெற்றது இங்கிருந்துதான்.

இரண்டு கிளைகளும் செழித்தன. ஆனால் இரண்டையும் மறுபடி ஒரே தட்டில், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, அதே நிறைவோடு வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விண்வெளிக்குப் போனவர்கள் குள்ளனை மறந்தார்கள். குள்ளனைப் பாடியவர்கள் கோள்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒன்றைச் செய்யும் திறமை பலருக்கு இருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய ஓவியரின் கண், குழந்தை இலக்கியத்தின் வாசிப்பு, கண்டிப்பான ஒரு தயாரிப்பாளர், இரவெல்லாம் வாசித்துப் பழகிய நான்கு பேரின் கூட்டுறவு என்று எல்லாம் ஒரே வசந்தத்தில் கூடிவர வேண்டியிருந்தது. எனவேதான் பாரெட்டின் நோயை இந்த ஆல்பத்தின் காரணமாகக் காட்டுவதை நான் மறுக்கிறேன். நோய் அந்த இசையைத் தரவில்லை. அவரிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டது.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007இல் வந்த 40ஆம் ஆண்டுப் பதிப்பில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் உண்டு. 1967இல் பிரிட்டிஷ் ஸ்டூடியோக்கள் அதிகக் கவனத்தைச் செலுத்தியது மோனோவில்தான். முதலில் அதைக் கேளுங்கள், 11 பாட்டையும் வரிசை மாற்றாமல். ‘இன்டர்ஸ்டெல்லர்’ முடிந்து ‘நோம்’ தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். இந்தத் தொடரில் இதுவரை சொன்ன எந்த ஆல்பத்திலும் அப்படியொரு திருப்பம் கிடையாது. மேடையில் பார்க்கும் வாய்ப்புள்ளவர்களுக்கு, நிக் மேசன் 2018இல் தொடங்கிய குழு இந்தப் பழைய உருப்படிகளை மீண்டும் உயிரோடு வாசித்துக் காட்டியிருக்கிறது.

அடுத்த இதழில் மேற்கு பெர்லின். 1968இல் அங்கே தொடங்கிய சோடியாக் என்ற சிறு கலைக்கூடத்தில் இந்த முதல் கிளையை எடுத்துக்கொண்ட ஜெர்மானிய இளைஞர்கள், கிட்டாரையும் கீழே வைத்துவிட்டு எங்கே போனார்கள் என்று பார்க்கலாம்.

(தொடரும்)